ஒரே கிளிக்கா, ஒட்டிய படமா: இயற்கைப் பனோரமாவுக்கு எந்த வழி?

ஒரு மலைத்தொடரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நீளமான படத்தில், அதாவது பனோரமாவாகக் கொண்டுவரப் பல வழிகள் இருக்கின்றன. ஃபோனை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி எடுக்கலாம். வைடு ஆங்கிள் லென்ஸில் ஒரே படம் எடுத்து மேலும் கீழும் வெட்டிவிடலாம். கேமராவைக் கையில் பிடித்தபடியே திருப்பித் திருப்பி ஐந்தாறு படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டலாம். அதையே ட்ரைபாட் (முக்காலி) மேல் வைத்து, பனோரமா ஹெட் என்ற சுழல் கருவியைப் பூட்டி, அளந்து அளந்து எடுக்கலாம். பக்கவாட்டில் தள்ளக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் பேச்சு உடனே கருவிக்குத்தான் போகிறது. எந்த ஹெட், எந்த சாஃப்ட்வேர், எத்தனை மெகாபிக்சல். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் காட்சியைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். படத்துக்குள் வரப்போகும் பொருள்களில் நமக்கு மிக அருகில் இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? காட்சியில் எது, எவ்வளவு வேகமாக அசைகிறது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வழிகள் தானாகவே கழன்றுவிடும். அப்புறம் படம் திரையில் பார்க்கவா, சுவரில் மாட்டவா என்பதையும் சேர்த்துக்கொண்டால் முடிவு எடுப்பது சுலபம்.

வெட்டிய படமும் ஒட்டிய படமும்

முதலில் அடிப்படையான தேர்வைப் பார்ப்போம்: வைடு ஆங்கிளில் ஒரே படம் எடுத்து வெட்டுவதா, பல படங்களை ஒட்டுவதா?

24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார் உள்ள) கேமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். படத்தின் அளவு 6000 × 4000 பிக்சல். 14 மி.மீ. லென்ஸ் போட்டால் பக்கவாட்டில் 104 டிகிரி கிடைக்கும். அதை மூன்றுக்கு ஒன்று என்ற நீள வடிவத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது 6000 × 2000, அதாவது 12 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அச்சிட்டால் சுமார் அரை மீட்டர் நீளம்.

அதே கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒவ்வொரு படமும் பக்கவாட்டில் 27 டிகிரியைப் பிடிக்கும். பக்கத்துப் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று 30 சதவீதம் படியும்படி ஆறு படங்கள் எடுத்தால் ஏறக்குறைய 120 டிகிரி வந்துவிடும். ஒட்டிய பிறகு நீளம் 17,000 பிக்சலைத் தாண்டும். உயரம் ஓரங்களை வெட்டியது போக 5000 பிக்சலுக்கு மேல் நிற்கும். அச்சில் சுமார் ஒன்றரை மீட்டர். தூரத்துச் சரிவில் இருக்கும் ஒற்றை மரம் முதல் படத்தில் ஒரு புள்ளியாக இருக்கும். இதில் கிளையோடு தெரியும்.

ஆனால் இந்த வித்தியாசம் யாருக்குத் தேவை? 4கே திரையின் அகலமே 3840 பிக்சல்தான். படம் திரையோடு நின்றுவிடும் என்றால் வெட்டிய படமே தாராளமாகப் போதும். பிக்சல் எண்ணிக்கைக்காக மட்டும் ஒட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், பெரிதாக அச்சிடும் எண்ணம் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒட்டுவதற்கு எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம் வேறு. வைடு ஆங்கிளில் மலை சின்னதாகிவிடுகிறது என்ற குறை எல்லோருக்கும் தெரிந்ததே. நிற்கும் இடம் ஒன்றாக இருந்தால் பெர்ஸ்பெக்டிவ் (அருகிலிருப்பதும் தூரத்திலிருப்பதும் தெரியும் விகிதம்) மாறாது, லென்ஸை மாற்றி என்ன பயன் என்று இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பதில் முழுசாகச் சரியில்லை. சாதாரண வைடு ஆங்கிள் லென்ஸ் நேர்கோடுகளை நேராகவே வைத்துக்கொள்வதற்காக ஓரங்களை இழுத்து நீட்டுகிறது. ஓரம் நீளும்போது நடுவில் இருப்பதற்கு இடம் குறைகிறது. நடுவில் 20 டிகிரி அகலமுள்ள ஒரு சிகரம் நிற்கிறது என்றால், 14 மி.மீ. லென்ஸின் படத்தில் அது மொத்த அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான். அதே 104 டிகிரியைப் பல படங்களாக எடுத்து, காட்சியை ஓர் உருளையின் மேல் சுற்றி விரித்ததுபோல் காட்டும் உருளை வடிவ புரொஜெக்‌ஷனில் ஒட்டினால் சிகரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். நின்ற இடம் மாறவில்லை, பார்த்த கோணம் மாறவில்லை. மலைக்கு மட்டும் அதன் பெருமை திரும்பி வந்துவிட்டது. நேரில் பார்த்தபோது மனதில் பதிந்த அளவுக்கு இந்தப் படம்தான் நெருக்கமாக இருக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு: ஃபோகஸ் ஆழம், அதாவது அருகிலிருந்து தூரம்வரை தெளிவாக விழும் பரப்பு. லென்ஸின் அப்பர்ச்சர் துளையைச் சிறிதாக்கி எஃப்/11-ல் வைத்தால் 14 மி.மீ. லென்ஸ் சுமார் 30 செ.மீ. தொடங்கி அடிவானம்வரை தெளிவாகக் காட்டும். 24 மி.மீ. என்றால் 90 செ.மீ. அளவில் தொடங்கும். 50 மி.மீ. லென்ஸில் அது கிட்டத்தட்ட 4 மீட்டருக்குப் போய்விடும். பெரிதாக அச்சிடப்போகிறோம் என்றால் இந்தக் கணக்கும் போதாது, இன்னும் தள்ளியே வைக்க வேண்டும். ஆக, காலடியில் பூத்திருக்கும் காட்டுப்பூவும் வேண்டும், பின்னால் பனிமலையும் வேண்டும் என்றால் 50 மி.மீ. ஒட்டுவேலை சரிப்படாது. ஒவ்வொரு நிலையிலும் ஃபோகஸை மாற்றி மாற்றி இரண்டு மூன்று படங்கள் எடுத்து முதலில் அவற்றை அடுக்கி, அப்புறம் பக்கவாட்டில் ஒட்ட வேண்டியிருக்கும். காற்றில் ஆடும் பூவை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியம் இல்லை. அங்கே வைடு ஆங்கிளே ராஜா. அல்லது 24 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்து நாலைந்து படங்களாக எடுப்பது நல்ல நடுவழி.

கையா, சாதாரண ட்ரைபாடா, பனோரமா ஹெட்டா?

ஒட்டுவது என்று முடிவு செய்தாகிவிட்டது. கேமராவை எதன் மேல் வைத்துத் திருப்புவது? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் தேவையில்லாமல் செலவு செய்வதும் தேவையானதை வாங்காமல் விடுவதும் இங்கேதான் நடக்கின்றன.

ஒரு விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடி, தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவருக்கு எதிரே விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். இதுதான் இடமாறு தோற்றப் பிழை. கேமராவைத் திருப்பும்போது லென்ஸ் கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்ந்துவிடுகிறது. அதனால் முதல் படத்தில் பாறைக்குப் பின்னால் மறைந்திருந்த மரம் அடுத்த படத்தில் பாறைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். எந்த சாஃப்ட்வேராலும் இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்த முடியாது. பாறையைப் பொருத்தினால் மரம் உடையும், மரத்தைப் பொருத்தினால் பாறை உடையும்.

பிழையே வராத ஒரு சுழற்சிப் புள்ளி லென்ஸுக்குள் இருக்கிறது. முன்னாலிருந்து லென்ஸுக்குள் பார்த்தால் அப்பர்ச்சர் துளை ஓர் இடத்தில் இருப்பதுபோல் தெரியுமே, அந்தத் தோற்றத்தின் மையம். புகைப்படக்காரர்கள் நோடல் பாயிண்ட் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த இடம் ட்ரைபாட் திருகுக்கு நேர் மேலே வரும்படி கேமராவைப் பின்னுக்குத் தள்ளி வைப்பதுதான் பனோரமா ஹெட் செய்யும் வேலை.

அது இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டுப்போகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன 24 மெகாபிக்சல் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும். அந்தப் புள்ளி ட்ரைபாட் திருகிலிருந்து 8 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 20 டிகிரி திருப்பினால் லென்ஸ் பக்கவாட்டில் 2.7 செ.மீ. நகரும். 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் பாறை, அடிவானத்தோடு ஒப்பிட்டால் 110 பிக்சலுக்கு மேல் விலகும். கண்ணை உறுத்தும் உடைப்பு அது. 10 மீட்டர் தூரத்துப் புதர் 22 பிக்சல் விலகும். 100 மீட்டர் தூரத்து மரம் 2 பிக்சல் சொச்சம். 500 மீட்டருக்கு அப்பால் அரை பிக்சல்கூட இல்லை.

கையில் பிடித்து, உடம்போடு சேர்த்துத் திரும்பினால் சுழற்சி மையம் நம் முதுகெலும்பு ஆகிவிடும். லென்ஸ் அதிலிருந்து 30 செ.மீ. முன்னால் இருந்தால் அதே 20 டிகிரிக்கு 10 செ.மீ. நகரும். 100 மீட்டர் தூரத்து மரம் இப்போது 8 பிக்சலுக்கு மேல் விலகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போனால்தான் ஒரு பிக்சலுக்குள் அடங்கும்.

இந்த எண்களைப் பார்த்தால் முடிவு தெளிவாகிவிடும். மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கிறோம், நூறு மீட்டருக்குள் எதுவும் இல்லை என்றால் பனோரமா ஹெட்டுக்கு வேலையே இல்லை. சாதாரண ட்ரைபாட் போதும், கையே போதும் என்றுகூடச் சொல்வேன். மிச்சமிருக்கும் சில பிக்சல் பிழையை சாஃப்ட்வேர் சமாளித்துவிடும். பத்து மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்குள் ஏதாவது இருந்தால் கையில் எடுக்கும் முறையை மாற்ற வேண்டும். இடது கையின் விரலை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, அந்த விரலே அச்சாக இருக்கும்படி கேமராவைத் திருப்பி, உடம்பு அதைச் சுற்றி நகர்ந்தால் பிழை இரண்டு மூன்று செ.மீ. அளவுக்குக் குறையும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் நன்றாக வேலை செய்யும் முறை. ஐந்து மீட்டருக்குள் பாறை, வேலி, கிளை என்று ஏதாவது வந்துவிட்டால், கேமராவை முன்னும் பின்னும் தள்ளிப் பூட்ட உதவும் நோடல் ரெயில் என்ற சட்டம் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிழை எந்த இடத்தில் விழுகிறது என்பது பிக்சல் எண்ணிக்கை அளவுக்கே முக்கியம். புல்வெளியில் 20 பிக்சல் விலகினாலும் யாருக்கும் தெரியாது, புல்லுக்குள் புல்லாக மறைந்துவிடும். வெளிறிய வானத்துக்கு எதிரே நிற்கும் இலையில்லாத கிளையில் 5 பிக்சல் விலகினாலே முறிந்ததுபோல் இருக்கும். அடர்ந்த காடு இதில் மிகக் கடினமான இடம். அருகிலும் தூரத்திலும் அடிமரங்கள் ஒன்றையொன்று மறைத்து மறைத்து நிற்கும். எங்கே தையல் போட்டாலும் ஒரு மரம் வெட்டுப்படும். காட்டுக்குள் பனோரமா எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ரெயில் கட்டாயம்.

ரெயிலில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. அருகில் ஒரு குச்சியை நட்டு, தூரத்தில் ஏதாவது ஒரு கம்பத்தோடு அதை ஒரே நேரில் நிறுத்துங்கள். கேமராவைத் திருப்பி இரண்டையும் சட்டகத்தின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், அப்புறம் வலது ஓரத்துக்கு. ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் கேமராவை முன்னே பின்னே தள்ளி மறுபடி பாருங்கள். விலகாமல் நிற்கும் இடம் கிடைத்ததும் ரெயிலில் அடையாளம் போட்டுவிடுங்கள். ஜூம் லென்ஸில் இந்த இடம் ஒவ்வொரு குவியத் தூரத்துக்கும் மாறும், ஆகவே அடிக்கடி பயன்படுத்தும் இரண்டு மூன்று அளவுகளுக்குக் குறித்து வைத்தால் போதும்.

ட்ரைபாட் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேமரா மட்டம் காட்டுகிறது என்பதால் சுழலும் அடித்தட்டும் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பால் ஹெட்டின் பந்தைச் சாய்த்துக் கேமராவை மட்டமாக்கிவிட்டு, பந்துக்குக் கீழே இருக்கும் தட்டைச் சுழற்றினால், நாலாவது படத்தில் அடிவானம் சரிந்திருக்கும். சுழலும் பாகத்துக்கு அடியில் மட்டம் பார்க்கும் லெவலிங் பேஸ் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அசைவது எது?

அருகிலுள்ள பொருளின் தூரத்தைக் கருவியால் சமாளிக்கலாம். அசைவை அப்படிச் சமாளிக்க முடியாது. காட்சி அசைந்தால் ஒரே கிளிக்கில் எடுக்கும் படத்துக்கே முன்னுரிமை.

கரையில் மோதும் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் எழுந்த அலை இரண்டாவது படம் எடுப்பதற்குள் விழுந்து நுரையாகிவிடும். இரண்டையும் ஒட்டினால் பாதி அலைதான் நிற்கும். சிதறும் அலைதான் படத்தின் உயிர் என்றால் அந்த அலை முழுவதும் ஒரே படத்துக்குள் அடங்கும்படி எடுக்க வேண்டும். அதன் இருபக்கமும் அமைதியான நீரோ பாறையோ வரும் படங்களை மட்டும் அதோடு சேர்க்கலாம். தையல் பாறையின் மேல் விழுந்தால் தெரியாது. அதுவும் முடியாத இடத்தில் வைடு ஆங்கிளில் எடுத்து வெட்டுவதே மேல். மாறாக, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு ஒவ்வொரு படத்துக்கும் முப்பது வினாடி எக்ஸ்போஷர் கொடுத்தால் நீர் பனிபோல் மென்மையாகி அலையின் வடிவமே இல்லாமல் போகும். ஒட்ட மிகவும் சுலபம். ஆனால் ஆறு படங்களுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மேகம் இடம் மாறிவிடும்.

மேகம் ஓடும் திசையிலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டு போனால் அதே மேகம் கூடவே வந்து இரண்டு மூன்று படங்களில் தலைகாட்டும். எதிர்த் திசையில் திருப்பினால் சில மேகத் துண்டுகள் விடுபடலாம். விடுபட்டது கண்ணுக்குத் தெரியாது, இரட்டிப்பானது தெரிந்துவிடும். பறவைக் கூட்டத்துக்கும் மேயும் மான்களுக்கும் மாஸ்க் வசதி கைகொடுக்கும்: ஒரு படத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடலாம்.

பால்வீதி வளைவு இதற்குத் தனி உதாரணம். ஒரு படத்துக்கு 20 வினாடி, இடைவெளி 5 வினாடி என்று 20 படங்கள் எடுத்தால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. எடுத்து முடிப்பதற்குள் தரையைப் பொறுத்து நட்சத்திரங்கள் 2 டிகிரி நகர்ந்திருக்கும். வானத்தின் வரிசைகளை முதலில் நிறுத்தாமல் எடுத்து முடித்துவிட்டு, தரையைத் தனி வரிசையாக எடுத்து, இரண்டையும் தனித்தனியே ஒட்டிக் கடைசியில் சேர்ப்பதுதான் தலைவலி இல்லாத வழி. அந்தக் காட்சியில் ஒட்டுவதற்கு மாற்றே கிடையாது. அந்த இருட்டில் நல்ல வெளிச்சம் சேகரிக்கும் லென்ஸ் எதுவும் வளைவு முழுவதையும் ஒரே படத்தில் அள்ளி அதே துல்லியத்தைத் தராது.

ஃபோன், ட்ரோன், ஷிஃப்ட் லென்ஸ்

ஃபோன் பனோரமா சட்டென்று எடுக்க அருமையான வசதி. நகர்த்த நகர்த்தப் பல படங்களிலிருந்து ஒடுங்கிய கீற்றுகளை எடுத்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிறது. கீற்று ஒடுக்கமாக இருப்பதால் நடக்கும் மனிதரும் ஓடும் விலங்கும் நசுங்கியோ நீண்டோ போவார்கள். எக்ஸ்போஷரும் நம் கையில் முழுசாக இருக்காது. ஃபோன் மட்டுமே இருக்கிறது, ஆனால் நல்ல படம் வேண்டும் என்றால் பனோரமா மோடை விட்டுவிடுங்கள். சாதாரண ஃபோட்டோ மோடில் திரையை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டி, ஃபோனைச் செங்குத்தாகப் பிடித்து, பாதிக்குப் பாதி படியும்படி தனித்தனிப் படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டுங்கள். அதே ஃபோனில் எடுத்ததா என்று கேட்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

ட்ரோனில் பொருள்கள் எல்லாம் தூரத்தில் இருப்பதால் இடமாறு தோற்றப் பிழை பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. காற்றில் இடம் நகராமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பறக்கவிட அனுமதி உள்ள இடமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். காட்டு விலங்குகளும் பறவைகளும் இருக்கும் இடத்தில் அனுமதி இருந்தாலும் யோசித்தே பறக்கவிட வேண்டும்.

ஷிஃப்ட் லென்ஸ் தனி ரகம். கேமராவைத் திருப்பவே வேண்டாம். லென்ஸை இடப்பக்கம் 12 மி.மீ. தள்ளி ஒரு படம், நடுவில் ஒரு படம், வலப்பக்கம் 12 மி.மீ. தள்ளி ஒரு படம். 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸில் இந்த மூன்றையும் சேர்த்தால் 60 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் எடுத்தது மாதிரி 10,000 × 4000 பிக்சல் கிடைக்கும். கோணம் 102 டிகிரிக்கு மேல். 14 மி.மீ. லென்ஸில் எடுத்து வெட்டிய அதே காட்சி, அதே நேர்கோடுகள், ஆனால் 40 மெகாபிக்சல். ஓரங்கள் இழுபடுவதும் அதே மாதிரிதான் இருக்கும், ஆகவே மலை சிறுத்துப்போகும் குறையும் அப்படியே இருக்கும். அருகில் பொருள் இருந்தால் லென்ஸை அசையாமல் பிடித்து, கேமரா உடலை மட்டும் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். லென்ஸ் நகர்ந்தால் இடமாறு பிழை மறுபடி வந்துவிடும். நேரான ஏரிக்கரை, மட்டமான நீர்ப்பரப்பு போன்ற காட்சிகளில் இந்த லென்ஸ் தரும் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பனோரமாவுக்காக மட்டும் வாங்கச் சொல்லமாட்டேன்.

எந்த வழியானாலும்

ஒட்டப்போகும் படங்கள் எல்லாவற்றுக்கும் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மேனுவலில் வைத்து, சூரியன் இருக்கும் பிரகாசமான பக்கத்துக்கு எக்ஸ்போஷர் பார்த்து, ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வானத்தைக் கருநீலமாக்கி, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியிருக்கும் வானத்தில்தான் அதன் வேலை உச்சத்தில் இருக்கும். 120 டிகிரிப் படத்தில் வானத்தின் நடுவே கரும்பட்டை ஒன்று விழுந்துவிடும். வானமே வராத காட்டிலும் ஈரப்பாறையிலும் மட்டும் அது உதவும்.

புரொஜெக்‌ஷன்

சுற்றிலும் விரிந்த காட்சியைத் தட்டையான படமாக எப்படி விரிப்பது என்று ஒட்டும்போது சாஃப்ட்வேர் கேட்கும். இந்தக் கேள்வியைப் பலர் படிக்காமலேயே தாண்டிவிடுகிறார்கள். படத்தின் தோற்றத்தையே மாற்றும் முடிவு அது. பெர்ஸ்பெக்டிவ் முறை நேர்கோட்டை நேராக வைக்கும், ஆனால் நடுவிலிருந்து 45 டிகிரி தள்ளியிருப்பது இரண்டு மடங்கு நீளும், 60 டிகிரியில் நாலு மடங்கு. 90 டிகிரிக்கு மேல் அகலமான காட்சிக்கு நான் அதைத் தொடமாட்டேன். உருளை முறை செங்குத்துக் கோடுகளை நேராக வைத்து, அகலம் முழுவதையும் சீராகப் பங்கிட்டுக் கொடுக்கும். மலை, பள்ளத்தாக்கு, காடு எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதையே தேர்ந்தெடுக்கலாம். கோள முறை மேலும் கீழும் பல வரிசை எடுத்தவர்களுக்கு.

உருளை முறை காலை வாரும் இடம் ஒன்று உண்டு. நேராக நீளும் கடற்கரையில் நீரைப் பார்த்து நின்றால் அடிவானம் நேராகவே வரும்; நம் முன்னால் இருக்கும் நீர்விளிம்பு வில்லாக வளைந்து, ஏதோ வளைகுடாவில் நிற்பதுபோல் காட்டும். அந்த இடத்தை அறிந்தவர் பார்த்தால் இது எங்கே எடுத்தது என்று குழம்புவார். அங்கே கோணத்தைக் குறைத்துக்கொண்டு பெர்ஸ்பெக்டிவ் முறைக்குப் போகலாம், இல்லையென்றால் ஹுகின், பிடிகுய் என்ற ஒட்டும் சாஃப்ட்வேர்கள் இரண்டிலும் இருக்கும் பானினி வகை புரொஜெக்‌ஷனைப் பயன்படுத்தலாம். அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

எதில் ஒட்டுவது?

படத்தைத் துண்டு துண்டாக எடுத்துச் சேர்ப்பது புதிதல்ல. 1848-ல் சார்லஸ் ஃபோன்டெய்னும் வில்லியம் போர்ட்டரும் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆற்றங்கரையை எட்டு டாகுரோடைப் (அக்காலத்து வெள்ளி பூசிய புகைப்படத்) தகடுகளில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தகட்டுக்குத் தகடு இருக்கும் எல்லைக் கோட்டை மறைக்க அவர்களுக்கு வழியில்லை. இன்று அந்தக் கோட்டை அழிப்பதில் 1983-ல் பர்ட், ஏடெல்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த யோசனைக்குப் பெரிய பங்கு உண்டு: வானம் போன்ற மென்மையான நிறமாற்றத்தை அகலமாகக் கலக்க வேண்டும், இலை போன்ற நுணுக்கத்தை ஒடுக்கமாகக் கலக்க வேண்டும். 2003-ல் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் வெளியிட்ட ஆய்வு, எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் வரும் என்பதையும் கணினியே கண்டுகொள்ளச் செய்தது. அதனால்தான் படங்களை வரிசை மாற்றிக் கொடுத்தாலும் சாஃப்ட்வேர் குழம்புவதில்லை.

படங்களைத் திருத்தும் லைட்ரூம் சாஃப்ட்வேரில் 2015 முதல் இந்த வசதி இருக்கிறது. ஒட்டிய பிறகும் டிஎன்ஜி என்ற ராவ் வகைக் கோப்பாகவே கொடுப்பதால் ராவின் நெகிழ்வு பெருமளவு கெடாமல் கிடைக்கிறது. ஒட்டிய பின் ஒயிட் பேலன்ஸை மாற்றலாம், நிழலைத் தூக்கலாம். 2018-க்குப் பிறகு வந்த லைட்ரூம் கிளாசிக் பதிப்புகளில் பல எக்ஸ்போஷரில் எடுத்தவற்றையும் ஒரே அடியில் எச்டிஆர் (பிரகாசமும் நிழலும் இரண்டுமே தெரியும்) பனோரமாவாகச் சேர்க்க முடியும். ஒரே வரிசை, தூரத்துக் காட்சி என்றால் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அது பொருத்திய விதம் பிடிக்காவிட்டால் கையால் திருத்த வழியில்லை என்பதே குறை.

கையால் திருத்த வேண்டும் என்றால் பிடிகுய் அல்லது ஹுகின். இரண்டு படங்களிலும் ஒரே புள்ளி எது என்று நாமே காட்டலாம், மாஸ்க் போடலாம், பல வரிசைகளைக் கையாளலாம். பிடிகுய் காசு கொடுத்து வாங்க வேண்டியது. வேகமும் தெளிவான அமைப்பும் அதற்கு. ஹுகின் இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 1998-ல் ஹெல்முட் டெர்ஷ் எழுதிய பனோரமா டூல்ஸ் என்ற நிரலின் வழியில் வந்தது. முதலில் மிரட்டும், ஒரு வாரம் பொறுமையாக உட்கார்ந்தால் பழகிவிடும். காசு செலவழிப்பதற்கு முன்னால் ஹுகினில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

லைட்ரூமில் பவுண்டரி வார்ப் என்று ஒரு பட்டை இருக்கிறது. ஒட்டிய படத்தின் கோணல்மாணலான ஓரத்தை இழுத்துச் செவ்வகமாக்கிவிடும். கொஞ்சமாகப் பயன்படுத்தினால் தப்பில்லை. நூறுவரை தள்ளினால் ஓரத்துச் சிகரம் உயரமாகிவிடும், சரிவு செங்குத்தாகிவிடும். அந்த மலையைத் தினமும் பார்ப்பவருக்கு அது தன் மலையே இல்லை என்று தோன்றும். எடுக்கும்போதே மேலும் கீழும் பக்கங்களிலும் தாராளமாக இடம் விட்டு எடுத்து, ஓரத்தை வெட்டிவிடுவதுதான் காட்சிக்கு நாம் செய்யும் மரியாதை.

பெரிய படம் எடுப்பவர்கள் கோப்பு வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஜேபெக் ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்சலுக்கு மேல் ஏற்காது. போட்டோஷாப்பின் பிஎஸ்டி 30,000 பிக்சலோடு நின்றுவிடும். அதற்கு மேல் பிஎஸ்பி என்ற பெரிய கோப்பு வடிவம் வேண்டும்.

ட்ரைபாட் ஏற்கெனவே இருக்கிறது, ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு என் வரிசை இது. முதலில் லெவலிங் பேஸ். அடுத்து, கேமராவைச் செங்குத்தாக மாட்ட எல் பிராக்கெட். மூன்றாவதாக நோடல் ரெயில், அதுவும் அருகில் பாறையோ மரமோ வைத்து எடுக்கும் பழக்கம் இருந்தால் மட்டும். இந்த மூன்றும் சேர்ந்தாலே ஒரு வரிசைப் பனோரமாவுக்கு முழு ஏற்பாடு ஆகிவிடுகிறது. மேலும் கீழும் சாயும் முழு பனோரமா ஹெட்டை, இரண்டு மூன்று வரிசையாக அடிக்கடி எடுக்கத் தொடங்கிய பிறகு வாங்கலாம். எடை அதிகம், மலையேறும்போது அதையும் தோளில்தான் சுமக்க வேண்டும்.